நான்காவது கம்பம்

ட்ரெவர் ஐந்து பத்துக்கு எழுந்தான். அலாரம் வைப்பதில்லை. கட்டிலின் இடது பாதியில் படுப்பான், இடது பாதியிலிருந்தே எழுவான். வலது பாதிப் போர்வை மடித்தது மடித்தபடி இருக்கும். பல் விளக்கினான். காப்பிக்கு இரண்டு கரண்டி பொடி போட்டான், முன்பு நான்கு. ரொட்டியை வாட்டினான். சாப்பாட்டு மேசையில் பாதி இடத்தைப் பிரிக்காத கடிதங்களும் ஒரு சுருள் ஆரஞ்சு ரிப்பனும் பிடித்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் தட்டை வைத்துச் சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான்.

ரிப்பன் ஏப்ரலிலிருந்து அங்கேயே கிடக்கிறது. இப்போது அக்டோபர் கடைசி. மேசையைத் துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைப்பான்.

சனிக்கிழமை. ஒன்பது மணிக்குப் பழைய ரயில் நிலையத்தில் பாதைக் குழுவின் கூட்டம். அது முடிந்ததும் அவரவர் மைலில் வேலை. கையுறை, கைரம்பம், சருகு ஊதும் இயந்திரம் மூன்றையும் வண்டியின் பின்னால் போட்டான். கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. சுரண்டினான். கிளம்பினான்.

வெஸ்டர்டாலில் ரயில் நின்று ஐம்பது வருடமாகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்மேட்டை எங்கே எடுத்துக்கொண்டு போவது? அந்த மேட்டின்மேல் ஊர்க்காரர்களே சுண்ணாம்புக்கல் தூள் கொட்டிப் பதினோரு மைலுக்குப் பாதை போட்டார்கள். நடக்கிறவர், ஓடுகிறவர், சைக்கிள், குதிரை எல்லோருக்கும் ஒரே பாதை. பனி விழுந்துவிட்டால் பனிவண்டிக்காரர்களுக்கு. மைலுக்கு ஒருவர் பொறுப்பு. மரம் விழுந்தால் அறுப்பது, வடிகால் அடைத்தால் தோண்டுவது, வேலி சரிந்தால் நிமிர்த்துவது எல்லாம் அந்த மைல்காரர் பாடு. ஏழாவது மைல் ட்ரெவருடையதும் கெல்சியுடையதும். கல்யாணமான வருடம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ட்ரெவர் மட்டும்.

பாதை தார்ச்சாலையைக் கடக்கும் இடங்கள் நான்கு. கார்கள் பாதைக்குள் ஏறிவிடாதபடி நான்கிலும் நட்டநடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம். பனியைச் சமன்செய்யும் பெரிய வண்டி போக வேண்டுமென்று டிசம்பரில் கம்பங்களைக் கழற்றிப் பக்கத்துப் புதரில் சங்கிலியால் பூட்டிவிடுவார்கள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எல்லோருமாகக் கூடித் திரும்ப நடுவார்கள். நட்டவுடன் கம்பத்தின் தலையில் ஆரஞ்சு ரிப்பனைக் கட்டி, முழ நீளம் காற்றில் ஆட விடவேண்டும். இரண்டு வாரத்துக்கு அது இருக்கும். மாதக்கணக்கில் கம்பமில்லாத பாதையில் ஓட்டிப் பழகிய கண்ணுக்குக் கம்பம் தெரியாது, ரிப்பன் தெரியும். இது எந்தத் தாளிலும் எழுதிவைத்த விதி இல்லை. ஊரில் தெரியாதவர் இல்லை.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை விடியுமுன் கெல்சி மோதியது ரிப்பன் இல்லாத கம்பத்தில். ஏழாவது மைலின் முடிவில், டோலெஃப்சன் சாலைக் கடப்பில். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஆறு மணிக்கு வேலை. அந்தச் சரிவில் எப்போதும் வேகமாக இறங்குவாள். சைக்கிளில் விளக்கு இருந்தது. தலைக்கவசமும் போட்டிருந்தாள். அதெல்லாம் போதவில்லை.

அந்தக் கம்பத்தை நட்டவர் வெர்லின் ஸ்கார் என்று ஊர் நம்பியது. வெர்லினும் நம்பினார்.

நட்டது ட்ரெவர்.

ரயில் நிலையத்தில் டார்லா ஏற்கெனவே காப்பி போட்டுவைத்திருந்தாள். தீவனக் கடை வைத்திருப்பவள். பன்னிரண்டு வருடமாகக் குழுவின் தலைவி, வேறு யாரும் அந்த நாற்காலிக்கு ஆசைப்படாததால்.

"வா கண்ணு. பூசணிக்கா கேக் வெட்டி வெச்சிருக்கேன், ரெண்டா எடு. எலும்பும் தோலுமா ஆயிட்டே."

"சாப்ட்டுத்தான் வந்தேன்."

"என்ன சாப்ட்டே?"

"ரொட்டி."

"ரொட்டியாம்! இந்தா பிடி."

பிடித்துக்கொண்டான். நீளமேசையின் அந்தப் பக்கம் குதிரைக்காரி ஜோலீனும் சைக்கிள் சங்கத்துக் கிரெக்கும் வழக்கமான சண்டையில் இருந்தார்கள். கிரெக் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் கூட்டத்துக்கும் கையில் ஒரு கோப்பு இல்லாமல் வரமாட்டார்.

"மூணாவது மைல்ல ஒரு மலையே கெடந்துச்சு ஜோலீன். சுத்தி வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு."

"குதிரைக்கு டயபர் கட்டணும்ங்கிறியா? மொதல்ல நீ அந்த இறுக்கமான டவுசரப் போட்டுட்டு வர்றத நிறுத்து. எம் பொண்ணு அதப் பாத்துத்தான் மெரள்றா."

"உன் பொண்ணா?"

"என் குதிரையச் சொன்னேன்."

வேறு நாளாக இருந்தால் வெர்லின் இதற்குள் புகுந்திருப்பார். பனிவண்டிச் சங்கத்தின் தலைவர், எழுபத்தொரு வயது, பாதிக் கூட்டம் அவருடைய கிண்டலிலேயே போகும். ஏப்ரலுக்குப் பிறகு ஜன்னலோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதோடு சரி. ட்ரெவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். ட்ரெவரும் அசைத்தான்.

வெர்லினுக்கு எதிலும் அவசரம். சனிக்கிழமை நடவேண்டிய கம்பத்தைப் புதன்கிழமையே நட்டுவிடுவார். மற்றவர்கள் கம்பத்தையும் சேர்த்து நட்டுவிட்டு, "நீங்க எல்லாம் எந்திரிச்சு வர்றதுக்குள்ள என் பொழப்பு முடிஞ்சுது" என்பார். நான்கு பூட்டுக்கும் அவரிடம் மாற்றுச் சாவி உண்டு. இந்த ஏப்ரலிலும் வடக்குப் பக்கத்து மூன்றையும் தனியாளாக நட்டு ரிப்பன் கட்டியிருந்தார். நான்காவது மட்டும் ட்ரெவருடையது.

வியாழக்கிழமை மாலை, நில அளவை வேலை முடிந்து வீடு திரும்பும்போது ட்ரெவர் அந்த மூன்றையும் பார்த்தான். சனிக்கிழமை எல்லார் முன்னாலும் வெர்லின் என்ன சொல்வார் என்று தெரியும். 'காலேஜ் படிச்ச பிள்ளை, மெதுவாத்தான் வரும்.' கெல்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். சாவி வண்டியிலேயே இருந்தது. டோலெஃப்சன் கடப்பில் நிறுத்தி, புதரிலிருந்து கம்பத்தை இழுத்து, குழியில் இறக்கிப் பூட்டினான். பத்து நிமிடம். இந்த முறை வெர்லின் வந்து பார்த்து வாயடைத்து நிற்கட்டும் என்று இருந்தது. ரிப்பன் வீட்டில். காலையில் வேலைக்குப் போகிற வழியில் கட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தான். இரவுச் சாப்பாட்டில் குளிர்பெட்டி சத்தம் போடுவதைப் பற்றிப் பேசினார்கள். ஆள் கூப்பிடலாமா, புதிதாக வாங்கலாமா என்று. கம்பத்தைப் பற்றிச் சொல்ல மறந்துபோனான்.

மறுநாள் மருத்துவமனை நடையில் போலீஸ்காரர் குறிப்பேட்டோடு நின்று, அந்தக் கம்பத்தை யார் போட்டது என்று பொதுவாகத்தான் கேட்டார். ட்ரெவர் வாயைத் திறக்குமுன் வெர்லின் சொன்னார்: "நான்தான் போட்டிருப்பேன். மத்த மூணும் நான்தானே போட்டேன். ரிப்பன் தீந்துபோயிருக்கும். எனக்கு... எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல."

ட்ரெவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவனுக்குச் சொல் எதுவும் வரவில்லை என்பது உண்மை. மறுநாள் வந்தது. அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அடக்கத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தான். அடக்கம் முடிந்தது. சொல்லாத நாள் ஒவ்வொன்றும் முந்தின நாளைவிட ஒரு நாள் கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அந்த வசந்தத்தில் ஏழாவது மைலின் புல் தானாக வெட்டப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்து அடுக்கியிருந்தது. வாசற்படியில் மான் தொத்திறைச்சிப் பொட்டலம் இருக்கும், மேலே பெயர் இருக்காது. ட்ரெவர் அதைச் சாப்பிடவில்லை. எறியவும் இல்லை. உறைபெட்டியில் ஒன்பது பொட்டலம் சேர்ந்திருந்தது.

டார்லா கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். வடிகால் குழாய், சரிந்த வேலி, வேட்டைக்காலத்தில் எல்லோரும் பளிச்சென்ற சட்டை போட வேண்டும் என்ற அறிவிப்பு. ஒவ்வொன்றாக முடிந்தது.

"அடுத்தது பெஞ்சு" என்றாள். குரல் இறங்கியது. "டோலெஃப்சன் கடப்புல கெல்சிக்காக. ஜோலீன் பலகை தர்றா. பித்தளைத் தகட்டுல என்ன எழுதறதுன்னு ட்ரெவ் சொல்லணும். 'பாதையில பாக்கலாம்'னு போடலாம்னு எனக்குத் தோணுது. அவ கடைசியா சொல்லிட்டுப் போனது அதுதானே கண்ணு. பேப்பர்லகூட வந்துச்சே."

பேப்பரில் வந்தது உண்மை. நிருபரிடம் அதைச் சொன்னது டார்லா. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

"எனக்கு அவ சைக்கிள்ல முந்தறப்ப கத்தறதுதான் காதுல நிக்குது" என்றாள் ஜோலீன். "'இடது பக்கம் வரேன்! வெர்லின், வயித்த உள்ள இழுங்க!'"

இரண்டு பேர் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை. தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான் ட்ரெவர்.

கிரெக் தொண்டையைச் செருமிக்கொண்டு கோப்பைத் திறந்தார். "இன்னொண்ணு இருக்கு. எனக்கும் இது பிடிக்கல. கவுண்டி ஆபீஸ்காரங்க விபத்து அறிக்கையை முடிச்சு அனுப்பச் சொல்றாங்க. ஒரே ஒரு வரிதான் பாக்கி. 'கம்பத்தை நட்டவர்.' பேரும் கையெழுத்தும் வேணும். யாரையும் தண்டிக்கறதுக்கு இல்ல. பதிவுக்குத்தான்."

"இன்னிக்கேவா கிரெக்?" என்றாள் டார்லா.

"ஜூலைலேந்து தள்ளிப் போட்டுட்டிருக்கோம்."

"குடு, குடு." வெர்லின் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து மாற்றுச் சாவிகளின் கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இதையும் வெச்சுக்க டார்லா. இனிமே கம்பத்துப் பக்கம் நான் போகல. வயசானவன் கையில சாவி இருக்கக் கூடாது." பேனாவைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தாளில் விரலை ஓட்டி அந்த வரியைத் தேடினார். "எங்கே, இங்கியா?"

"அதுக்குக் கீழ" என்றார் கிரெக்.

வெர்லின் பேனாவைத் தாளில் வைத்தார்.

"அது நீங்க போடல" என்றான் ட்ரெவர்.

வெர்லின் நிமிர்ந்தார்.

"நாலாவது கம்பம். நான் போட்டேன்."

"என்ன கண்ணு சொல்றே?" என்றாள் டார்லா.

"வியாழக்கிழமை சாயங்காலம், அஞ்சு மணிக்கு. அவர் போட்ட மூணும் நிக்கறதப் பாத்தேன். அவர் மாதிரியே முன்னாடியே போட்டுடணும்னு போட்டேன். ரிப்பன் வீட்ல இருந்துச்சு. காலைல கட்டிக்கலாம்னு வந்துட்டேன்."

காப்பிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. டார்லா எழுந்து அதை அணைத்தாள். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வெர்லின் பேனாவின் மூடியைப் போட்டார். மெதுவாகத்தான் பேசினார்.

"ஆறு மாசம்டா."

"ஆமா."

"நான் டாக்டர்கிட்டப் போனேன், தெரியுமா உனக்கு? கடிகாரம் வரையச் சொன்னாரு. வரைஞ்சேன். அஞ்சு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னாரு. அஞ்சும் சொன்னேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல போங்கன்னாரு. நான் விடலையே! ஒரு கம்பத்த நட்டதே மண்டைல இல்ல, எப்படிய்யா ஒண்ணும் இல்லங்கறேன்னு அவர்கிட்டச் சண்டை போட்டேன்." நிறுத்தினார். "பேத்திய கார்ல ஏத்தறதில்ல. பனிவண்டிய வித்துட்டேன். அவ கதவுகிட்ட நின்னுட்டு, தாத்தா, என்னைய எதுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கறேன்னு கேக்கறா."



வெர்லின் சாவிக்கொத்தை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே போனார். கதவை அறையவில்லை. அறைந்திருக்கலாம்.

கிரெக் தாளைத் திருப்பி ட்ரெவர் பக்கம் நகர்த்தினார். அவன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டான். தேதி போடும் இடத்தில் ஒரு கணம் எந்தத் தேதி போடுவது என்று யோசித்தான். அன்றைய தேதியைப் போட்டான். டார்லா அவனைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். ஜோலீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேக் அப்படியே கையில் இருந்தது. அதைத் துடைதாளில் வைத்துவிட்டு எழுந்தான்.

ஏழாவது மைலில் ஓக் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. ஈரச் சருகு வழுக்கும். சரிவில் சைக்கிள் சறுக்கிவிடும். கெல்சி இயந்திரத்தைத் தொடமாட்டாள். வாரியால் வாரிவிட்டு, 'உன் சத்தத்துக்கு மான் எல்லாம் மாநிலம் தாண்டி அயோவாவுக்கே ஓடிப்போச்சு' என்பாள். ட்ரெவர் மேலிருந்து கீழாக ஊதிக்கொண்டே வந்தான். டோலெஃப்சன் கடப்புக்கு வந்தபோது பதினொன்றரை. கம்பம் நின்றது. மே மாதத்தில் யாரோ அதற்கு வெள்ளையும் சிவப்புமாகப் பிரதிபலிக்கும் பட்டை ஒட்டியிருந்தார்கள். மண்டியிட்டு ஒட்டியிருக்க வேண்டும்; அடிவரை ஒட்டியிருந்தது. யார் என்று அவன் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

வெர்லினின் டிரக் சாலையோரம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அவர் இறங்கவில்லை. பிறகு இறங்கி வந்தார்.

ட்ரெவர் இயந்திரத்தை நிறுத்தினான். "வெர்லின், நான்..."

"கேக்காத. மன்னிப்புன்னு இப்ப வாயத் தொறந்தா அறைஞ்சிடுவேன். நெசமாச் சொல்றேன்."

"சரி."

வெர்லின் கம்பத்தின் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. பூட்டைக் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கே" என்றார். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. திட்டாகவும் சொல்லவில்லை. கம்பத்தை நடத் தெரிந்தவர் கம்பத்தைப் பற்றிச் சொன்னார், அவ்வளவுதான்.

இரண்டு சைக்கிள்கள் மேலேயிருந்து வந்தன. வெளியூர்க்காரர்கள். கம்பத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, இருவரையும் பார்த்துக் கையசைத்துவிட்டுச் சாலையைக் கடந்து போனார்கள். வெர்லினின் கை பழக்கதோஷத்தில் பாதி உயர்ந்து நின்றது.

"என்கிட்டத் தனியா வந்து சொல்லியிருக்கலாம்" என்றார். "ஊருக்குச் சொல்லாட்டிப் போவுது. எங்கிட்ட மட்டும். நான் யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் சொல்லல. பழிய நீங்களே சுமந்துட்டு இருந்திருப்பீங்க."

வெர்லின் அவன் முகத்தைப் பார்த்தார். ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை. புரியாத மாதிரியும் இல்லை. காலால் ஒரு சருகைத் தள்ளினார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும். ஆறு மாசமா பேப்பர்ல வந்த அந்த வரிய சட்டைப் பையில வெச்சிருக்கேன். 'பாதையில பாக்கலாம்.' தினமும் அத எடுத்துப் பாத்துட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவ அதச் சொன்னாளா?"

"இல்ல."

"டார்லா கதை கட்டிவிட்டதா?"

"ஆமா."

"அப்ப என்னதான்டா சொன்னா?"

ட்ரெவர் கையுறையைக் கழற்றினான். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதையும் சொல்லியிருக்க மாட்டான். அந்தக் காலை ஒவ்வொரு நாளும் ஐந்து பத்துக்கு வருகிறது. எழுந்து உட்கார்ந்தால்தான் போகிறது.

அன்றைக்கு அவன் எழுந்து உட்காரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அடுக்களையில் காப்பி வாசனை. அவள் காலணியின் சத்தம் மேசை வரைக்கும் போய் நின்றது. பிறகு படுக்கையறை வாசலுக்கு வந்தது. தலைக்கவசத்தின் வாரை மாட்டும் 'கிளிக்' கேட்டது. கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். அவள் சொன்னாள். அவன் "ம்" என்றான். அந்த "ம்"முக்குப் பதிலாக மூன்று சொல் போதும்: 'கம்பத்த நேத்தே போட்டுட்டேன்.' தூக்கம். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சரளைக்கல்லில் சைக்கிள் உருளும் சத்தம் கேட்டது.

வெர்லின் காத்திருந்தார். ட்ரெவர் அதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான், கூட்டாமல் குறைக்காமல்.

"ரிப்பன் மேசைமேலயே கெடக்கு பாரு. நாளைக்குக் கம்பம் நடப் போறப்ப எடுத்துட்டுப் போக மறந்துடாத."